குழாயடிப் பேச்சும் இரண்டு அட்டைகளும்

தொடங்குவது தடையின்றி நிறைவுற, வேழமுகத்து விநாயகன் தாள் பணிந்தேன். ஊத்துக்குளிக் குன்றின்மேல் வேலேந்தி நிற்கும் என் ஐயனே! அடியேனின் நா இதுகாறும் உன்னைப் பாடியது. இன்று ஒருமுறை உண்மையையும் பேசட்டும். இரண்டும் ஒன்றே என்று பெரியோர் சொல்வர். என்னளவில் இரண்டுக்கும் நடுவே சிறிது தூரம் இருந்தது. அந்தத் தூரத்தில் நடந்ததைத்தான் எழுதப்போகிறேன்.

இன்று வைகாசி விசாகம். நீராடி, நீறணிந்து, நல்ல ஓரை பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். தன் குற்றத்தைத் தானே எழுதுவதற்கு நல்ல நேரம் பார்த்தவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவரை ஊர் முழுவதும் அம்மணி என்றே அழைத்தது. நகராட்சி உறுப்பினராக இரண்டு முறையும் சட்டமன்ற உறுப்பினராக ஒரு முறையும் இருந்தவர். எந்தக் கட்சி என்பதை விட்டுவிடுகிறேன். அவர் தம் கட்சியில்தான் இருக்கிறார் என்பது அந்தக் கட்சிக்கே பல சமயம் மறந்துபோகும். அவருடைய கணவர் திருப்பூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனி நடத்தினார். தைத்து வரும் ஒவ்வொரு பனியனையும் சன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து ஓட்டை பார்க்கும் செக்கிங் மேசையருகேதான் அம்மணியை நான் முதலில் கண்டேன். அவர் கண்ணுக்குத் தப்பிய ஓட்டை உலகில் இல்லை. அக்கம்பெனியில் நான் எழுத்தன். பகலில் கம்பெனிக் கடிதங்கள், மாலையில் கோயில் மண்டபத்தில் திருப்பாடல்கள் என்று சென்றுகொண்டிருந்த என் வாழ்வில், ஐம்பதுகளின் இறுதியில் அம்மணி நகராட்சித் தேர்தலில் நின்றதும் மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது. அவருக்கு மேடைப் பேச்சு எழுதிக் கொடுக்கும் திருப்பணி அது. அன்று முதல் என்னைப் புலவரே என்று அழைக்கலானார். அதைப் பாராட்டு என்று பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன்.

தெருமுனைக் கூட்டத்தில் காகிதம் காற்றில் படபடக்கும். அதற்கு அம்மணி ஒரு வழி கண்டார். பனியனை மடிக்கும்போது மடிப்புக் கலையாதிருக்க உள்ளே ஒரு வெள்ளை அட்டை வைப்போம். பேச்சை அந்த அட்டையில் எழுதச் சொன்னார். கையில் பிடிக்க வாகு, காற்றுக்கு அசையாது, புழுக்கத்துக்கு விசிறிக்கொள்ளலாம். நான் எழுதிக் கொடுத்த பேச்சுகள் பெரும்பாலும் அந்தக் கடைசிப் பயனையே தந்தன.

பேச்சு முடிந்ததும் அட்டையை எறிய மாட்டார். எதையுமே எறிய மாட்டார். வந்த மனு, போன கடிதம், தீர்மான நகல், ஒலிபெருக்கிக்காரன் எழுதிய சீட்டு, கலியாணப் பத்திரிகை எல்லாம் பனியன் பெட்டிகளுக்குள் போகும். பெட்டியின்மேல் ஒட்டியிருக்கும் சைஸ்தான் கோப்பின் தலைப்பு. இருபத்தெட்டு அங்குலப் பெட்டியில் தெருக்காரர்களின் மனுக்கள். முப்பத்திரண்டில் நகராட்சி. முப்பத்துநான்கில் பேச்சு எழுதிய அட்டைகள். முப்பத்தாறில் சட்டமன்றம். நாற்பதில் அமைச்சர்கள்.

“ஆளு பெருசானா சைஸும் பெருசாகோணுமில்லீங்களா, புலவரே?” என்றார் ஒருநாள்.

நாற்பது அங்குலப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். கனமே இல்லை.

“ஆமாங்க. பெருசுதான். உள்ள ஒண்ணும் இருக்காதுங்க” என்றார்.

கனமெல்லாம் இருபத்தெட்டில்தான் இருந்தது. எதிர்வீட்டுச் சேவல் விடியுமுன் கூவி வீட்டாரை வருத்துகிறது என்று ஒரு மனு. அந்தச் சேவல் குணத்தில் குறையற்றது, கூவுவது அதன் தருமம் என்று அதன் உரிமையாளர் தந்த மறுப்பு மனு. இரண்டின் எழுத்தும் என்னுடையதே. இருவரும் என்னிடம்தான் எழுதி வாங்கிப் போனார்கள், இருவருக்கும் உருக்கமாகவே எழுதிக் கொடுத்தேன். மறுப்பு மனுவின் அடியில் அம்மணியின் நீலப் பென்சில் குறிப்பு ஒன்று உண்டு: “ரெண்டு ஊடும் சம்பந்தி ஆயாச்சு. சேவலும் கல்யாணத்துக்கு வந்துது. திரும்பிப் போகல.”

இந்த நீலப் பென்சில்தான் பின்னாளில் எனக்குப் பகையானது. துணியில் ஓட்டை இருக்கும் இடத்தைக் குறிக்க அவர் காதில் செருகி வைத்திருந்த பென்சில் அது. துணிக்கும் எழுத்துக்கும் அவர் வேறுபாடு பார்த்ததில்லை.

முதல் தேர்தலின் கடைசிக் கூட்டத்துக்கு என் அறிவு முழுவதையும் திரட்டி ஒரு பேச்சு எழுதினேன். ஊரில் தண்ணீர்ப் பஞ்சம். பெண்கள் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்துக் கிடந்த காலம். என் பேச்சு இவ்வாறு தொடங்கியது: “விண்ணின் கருணை மண்ணில் இழிந்து, மண்ணின் பொறுமை ஆறாய் விரிந்து, ஆற்றின் அன்பு குழாயின் வழியே நம் இல்லந்தோறும் எழுந்தருளத் திருவுளம் பற்றுங்கால்…” அந்த வாக்கியத்தின் வினைமுற்று அட்டையின் கடைசி வரியில் இருந்தது.

அம்மணி மேடையேறினார். அட்டையைக் கண்ணெதிரே பிடித்தார். ஓட்டை தேடும் அதே பார்வை. பிறகு அதைக் கவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டு, முன்வரிசைப் பெண்களைப் பார்த்தார்.

“ஏனுங்க அக்கா, இன்னிக்குக் குழாயடிக்கு எத்தன மணிக்குப் போனீங்க?”

“நாலு மணிக்குங்க!” என்று ஒரு குரல். “நான் மூணரைக்கே போய்ட்டனுங்க!” என்று இன்னொன்று.

“உங்க ஊட்டுக்காரரு எத்தன மணிக்கு எந்திரிச்சாருங்க?”

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. ஆண்கள் பக்கம் பலருக்கும் வேட்டி மடிப்பைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

“என்னைய ஜெயிக்க வெச்சுப் பாருங்க. ஒரே ஒரு நாளைக்கு ஊட்டுக்காரருங்களைக் குடத்தோட அனுப்பறனுங்க. மறுநாளே தண்ணி தானா ஊட்டுக்கு வந்துரும்.”

அவ்வளவுதான் பேச்சு. அவர் வென்றார். குழாய்களும் பின்னர் வந்தன. அந்தப் பேச்சு குழாயடிப் பேச்சு என்று பெயர் பெற்று, டீக்கடையிலிருந்து சாயப்பட்டறை வரை பரவியது.

மறுவாரம் கோயில் மண்டபத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார்: “அம்மணிக்குப் பேச்செல்லாம் நீங்கதானுங்களே எழுதறது?”

நான் பொய் சொல்லவில்லை. புன்னகைத்தேன்.

அடுத்தவர் கேட்டபோது, “எல்லாம் வேலவன் அருள்” என்றேன். அதுவும் பொய்யன்று, எது வேலவன் அருளன்று? இப்படிப் புன்னகையும் அருளுமாகப் பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. கிருத்திகைதோறும் மண்டபத்தில் சொற்பொழிவாற்றும் இடம் எனக்குக் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் கோயில் தலைவர் எழுந்து, “குழாயடிப் பேச்சை எழுதிய நம் புலவர்” என்று சொல்லித்தான் என்னை அமர்த்துவார். இறைவனைப் பற்றி நான் பேசும் இரண்டு மணி நேரத்தைக் காட்டிலும் அந்த ஒரு வரி என் செவிக்கு இனித்தது. வேலவன் மன்னிப்பானாக.

எழுபதுகளின் நடுவில் அம்மணி அரசியலிலிருந்து ஒதுங்கினார். அப்போது ஒரு பெண்கள் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. பொதுவாழ்வில் இருந்த மகளிரின் கடிதங்கள், குறிப்புகள், உரைகள் ஆகியவற்றைத் தங்கள் நூலகத்தில் நிரந்தரமாகப் பாதுகாக்க விரும்புவதாகவும், அம்மணியின் பெட்டிகளைத் தந்துதவ வேண்டுமென்றும் எழுதியிருந்தார்கள். ஆராய்ச்சி செய்வோர் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்பார்களாம்.

அந்தக் கடிதத்தை அம்மணிக்குப் படித்துக் காட்டியவன் நான்தான். ‘ஒவ்வொன்றாக’ என்ற சொல்லை மட்டும் சற்று விரைவாகப் படித்தேன்.

“நல்லதுங்க, புலவரே. நீங்களே எல்லாத்தையும் அடுக்கிக் கொடுத்துருங்க” என்றார்.

மறுநாளே முப்பத்துநான்கு அங்குலப் பெட்டியைத் திறந்தேன். விண்ணின் கருணை அங்கே பத்திரமாக இருந்தது. அதன் குறுக்கே மூலைக்கு மூலை நீலக் கோடு. விளிம்பில் அம்மணியின் கையெழுத்து: “இதைப் படிச்சாக் குழாய்ல தண்ணி வராது. கூட்டத்துக்குத் தூக்கந்தான் வரும். நானா வாய்ல வந்ததைப் பேசிட்டு எறங்கினேன்.”

இது நூலகத்துக்குப் போனால் என் புன்னகை என்னாகும்? கிருத்திகைக்குக் கிருத்திகை நான் கேட்கும் அந்த ஒரு வரி என்னாகும்? நன்றாகச் சிந்தித்தேன். சிந்தனையின் முடிவில் ஒரு கெட்ட எண்ணம் தோன்றியது. அதற்கும் ஒரு நல்ல நாள் பார்த்தேன்.

மின்வெட்டு நாள் ஒன்றின் நண்பகல். மிஷின்கள் ஓய்ந்து கிடந்தன. கம்பெனியில் நானும் கட்டிங் மாஸ்டரும் மட்டுமே இருந்தோம். இருபதாண்டுகளாக என்னோடு அதே கம்பெனியில் இருந்தவர். தொழுகைக்கு அவர் எழும் நேரமும் பூசைக்கு நான் எழும் நேரமும் ஒன்றாகையால் எங்களுக்குள் நல்ல நட்பு. அவரிடம் ஒரு வெள்ளை அட்டை கேட்டேன்.

“எதுக்குங்க சாமி?”

“ஒரு பழைய பேச்சைப் புதிதாக எழுத வேண்டும், பாய்.”

அவர் என்னையும் என் முன்னிருந்த டீத் தம்ளரையும் பார்த்தார். நான் அட்டையை டீயில் நனைத்துக்கொண்டிருந்தேன்.

“புதுசா எழுதறதுன்னா பழசாக்கறது எதுக்குங்க?”

நனைத்த அட்டையை வெயிலில் உலர்த்தி, மேலே சிறிது திருநீறு தேய்த்துத் தட்டினேன். பதினைந்தாண்டுப் பழமை அரைமணி நேரத்தில் வந்து சேர்ந்தது. பிறகு அம்மணி மேடையில் பேசியதை, நானே அவருக்கு எழுதிக் கொடுத்தது போல, என் கையெழுத்தில் எழுதத் தொடங்கினேன். கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருந்த பேச்சு அது. அப்படியே எழுதியிருக்கலாம். ஆனால், ‘எந்திரிச்சாரு’ என்று எழுத என் பேனா இசையவில்லை. எழுதியதை மாஸ்டருக்குப் படித்துக் காட்டினேன்: “நங்கையீர், நும் கொழுநர் எப்போது துயிலெழுந்தனர்?”

“சாமி, கொழுநருன்னா யாருங்க? நகராட்சில வேலைங்களா?”

“கணவர், பாய்.”

“அடடே. நானும் ஒரு கொழுநருங்களா?” என்று சொல்லி, அன்று முழுதும் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

புதிய அட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டேன். பழையதைக் கிழித்தெறியக் கை எழுந்தது. ஆனால் அதன் தலையில் பிள்ளையார் சுழியும், ‘வேலும் மயிலும் துணை’ என்ற வரியும் என் கையாலேயே எழுதப்பட்டிருந்தன. இறைவன் பெயர் எழுதியதைக் கிழிப்பதாவது, எரிப்பதாவது! அந்தப் பாவத்துக்கு நான் ஆளாக மாட்டேன். எடுத்துப் போய் வீட்டுப் பூசையறையில் முருகன் படத்துக்குப் பின்னே செருகி வைத்தேன். செய்த திருட்டைத் தெய்வத்தின் முதுகிலேயே மறைத்து வைக்கிறோம் என்பது அப்போது தோன்றவில்லை.

கல்லூரியிலிருந்து ஒரு விரிவுரையாளர் வந்தார். இளம்பெண், கண்ணாடி அணிந்தவர், பணிவானவர். அம்மணி வீட்டு முன்னறையில் பெட்டிகளை வரிசையாக வைத்தோம். அவர் ஒவ்வொன்றாக எடுத்து என்னவென்று சொல்ல, நான் பட்டியலில் எழுத வேண்டும். இறுதியில் மூவரும் கையொப்பமிட வேண்டும். மாஸ்டர் பெட்டிகளைத் தூக்கி வைக்கும் சாக்கில் வந்து வாசற்படியருகே நின்றுகொண்டார்.

“அம்மா, இதுதான் புகழ்பெற்ற குழாயடிப் பேச்சா? ஐயாவின் கையெழுத்தா?” என்று விரிவுரையாளர் என் அட்டையை எடுத்தார்.

நான் புன்னகைத்தேன். பழக்கம்.

“இங்க கொடு கண்ணு, பார்க்கலாம்” என்று அம்மணி கை நீட்டினார். படிக்கவில்லை. அட்டையைக் கட்டைவிரலால் தடவினார். மோந்து பார்த்தார். சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு பின்புறம் திருப்பி ஒரு மூலையைப் பார்த்தார்.

“புலவரே, அந்த எலக்சன் நடந்தப்ப நம்ம கம்பெனில சைஸை எதுலீங்க போட்டோம்?”

“அங்குலத்தில், அம்மணி.”

“சென்டிமீட்டரு எப்பீங்க வந்துது?”

“அதற்குச் சில ஆண்டுகள் கழித்து…” என்று சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அட்டையின் பின்மூலையில் கம்பெனியின் சைஸ் முத்திரை குத்தியிருக்கும். நாள்தோறும் பார்த்துப் பார்த்து என் கண் அதைப் பார்க்காமலே போய்விட்டிருந்தது.

“இதுல எம்பத்தஞ்சுன்னு குத்தியிருக்குதுங்களே. எம்பத்தஞ்சு இஞ்சுல அந்தக் காலத்துல யாருக்குங்க பனியன் போட்டோம்? கோயில் யானைக்குங்களா?”

வாசற்படியருகே ஒரு செருமல் கேட்டது. நான் மாஸ்டரைப் பார்த்தேன்.

“நீங்க அட்டைதான் கேட்டீங்க, சாமி. சைஸு கேக்கல” என்றார் அவர், முகத்தில் ஒரு மாற்றமுமின்றி.

அம்மணி இப்போது அட்டையை முன்புறம் திருப்பி நிதானமாகப் படித்தார். “நும் கொழுநர்…” அதற்குமேல் அவரால் படிக்க முடியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விரிவுரையாளரும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

“பழைய அட்டை எங்கீங்க, புலவரே? கிழிச்சுப் போட்டுட்டீங்களா?”

“இல்லை. பூசையறையில் இருக்கிறது.”

“சாமி கும்பிடறீங்களாக்கும் அதை?”

“மேலே பிள்ளையார் சுழி இருக்கிறது, அம்மணி. எப்படிக் கிழிப்பது?”

இதைக் கேட்டதும் அவர் சிரிப்பு அடங்கியது. “போய் எடுத்துட்டு வாங்க” என்றார்.

எடுத்து வந்தேன். நீலக் கோட்டோடும் அவர் குறிப்போடும் அதை விரிவுரையாளர் கையில் கொடுத்தேன். அம்மணி இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்தார்.

“கண்ணு, ரெண்டையும் வெச்சுக்கோ. ஒண்ணு நான் பேச மாட்டேன்னு அடிச்சது. இன்னொண்ணு, நான் பேசினதை இவரு எழுதியிருக்கோணும்னு ஆசைப்பட்டது. ஆசைப்பட்டதுக்கும் ஒரு பெட்டில எடம் இருக்கட்டும்.” என் பக்கம் திரும்பினார். “பட்டியல்ல எழுதுங்க புலவரே. எது எதுன்னு வெளங்கற மாதிரி எழுதுங்க. திருவுளமெல்லாம் வேண்டாம்.”

என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சுருக்கமான உரைநடை அதுவே. முதல் அட்டை: எழுத்தன் எழுதியது, அம்மணி பேசாதது. இரண்டாம் அட்டை: அம்மணி பேசியது, எழுத்தன் பின்னாளில் பொய்யாக எழுதியது. அடியில் கையொப்பமிட்டேன்.

“இப்பத்தான் எழுதப் பழகியிருக்கீங்க” என்றார் அம்மணி.

அடுத்த கிருத்திகைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. அந்த எட்டு நாளும் நான் பட்டது எனக்கும் வேலவனுக்கும் தெரியும். நூலகத்துக்குள் போன உண்மை ஒருநாள் வெளியே வரத்தான் போகிறது. அதற்குமுன் நானே சொல்லிவிடுவதே முறை என்று உறுதி செய்தேன். கிருத்திகை மாலை மண்டபம் நிறைந்திருந்தது. பெண்கள் வரிசையின் கடைசியில் அம்மணி வந்து அமர்ந்திருந்தார். மற்றக் கிருத்திகைகளில் அவர் வந்ததில்லை. தலைவர் எழுந்தார். “குழாயடிப் பேச்சை எழுதிய நம் புலவர்…”

நான் எழுந்து கைகூப்பினேன். “அன்பர்களே, அந்தப் பேச்சு என்னுடையதன்று. அதில் ஒரு சொல்லும் நான் எழுதவில்லை. முழுவதும் அம்மணி தாமாகப் பேசியது. இத்தனை ஆண்டுகள் உங்களை மறுக்காமல் இருந்தது என் குற்றம்.”

அப்போது முன்வரிசையில் ஒரு பெரியவர் நெஞ்சில் கை வைத்துத் தழுதழுத்தார்: “என்ன அடக்கம்! என்ன அடக்கமுங்க!”

“எழுதினதையெல்லாம் அந்தம்மா காலடில வெச்சுட்டாரே!” என்றார் மற்றொருவர்.

“இல்லீங்க, உண்மையாகவே…” என்று தொடங்கினேன். தலைவர் என்னைப் பேச விடவில்லை. தம் தோளில் இருந்த துண்டை எடுத்து எனக்குப் போர்த்திவிட்டார். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. அன்று முதல் என்னை அறிமுகம் செய்யும் வரி நீண்டுவிட்டது: “குழாயடிப் பேச்சை எழுதியும், எழுதவில்லை என்று சொல்லும் நம் புலவர்.”

கூட்டம் கலைந்தபின் அம்மணியிடம் ஓடினேன். “அம்மணி, நீங்களாவது சொல்லக்கூடாதா?”

“சொன்னனுங்க புலவரே. பக்கத்துல இருந்த அக்காகிட்டச் சொன்னேன். ‘உங்களுக்கும் அவரு மாதிரியே பெரிய மனசுங்க’ன்னுட்டா” என்றார். சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

அதன்பின் பலமுறை சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல என் அடக்கத்தின் புகழ்தான் வளர்ந்தது. வாயால் சொல்லி ஆகவில்லை என்பதால்தான் எழுதுகிறேன். ஐயமுள்ளவர்கள் அந்தக் கல்லூரி நூலகத்துக்குச் சென்று பேச்சுப் பெட்டியைக் கேட்டுப் பார்க்கலாம். பட்டியலில் உள்ள கையொப்பம் என்னுடையதே.

இதைப் படித்தவரும், படிக்கக் கேட்டவரும், படித்தும் இந்தக் கிழவனின் அடக்கம்தான் என்னே என்று வியப்பவரும், வேலவன் திருவருளால் நோயற்று, குறையற்று, தாம் சொன்ன சொல் தம் பெயராலேயே வழங்கும் பேறும், பிறர் சொல்லைப் பிறர்க்கே விட்டுக்கொடுக்கும் மனமும் பெற்று, சுற்றம் சூழ நெடிது வாழ்க.